முன்னால் போகிற மனுசன்

சறோஜாவுக்கு அந்த இரண்டு நாள் பயணத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பவுல் தன் பக்கத்தில் நடக்க வேண்டும். முன்னால் அல்ல, பக்கத்தில். கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடமான பெண்ணுக்கு இதுவும் ஒரு ஆசையா என்று சிரிப்பீர்கள். பவுல் நடக்கிற நடையைப் பார்த்திருந்தால் சிரிக்க மாட்டீர்கள். வீட்டுப் படி இறங்கும்வரை மனுசன் நன்றாகத்தான் கதைத்துக்கொண்டு வருவார். தெருவில் கால் வைத்ததும் கதை அறுந்துவிடும். நிமிர்ந்து பார்த்தால் ஆள் நாலு கடை தள்ளிப் போய்க்கொண்டிருப்பார். சறோஜாவுக்கு அவருடைய முகத்தைவிட முதுகுதான் நல்ல மனப்பாடம். எந்தச் சட்டையில் எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

கோயில் பெருநாளுக்குப் போனால் சனம் பகிடி பண்ணும். பவுல் மனுசியை விட்டுவிட்டு ஓடுகிறார் என்பார்கள். ஊர்ப்பக்கத்து ஆம்பிளைத் திமிர் இத்தாலிக்கு வந்தும் போகவில்லை என்று சில பெண்கள் காதுபடவே சொல்லுவார்கள். சறோஜாவும் சேர்ந்து சிரித்துவைப்பாள். திமிர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். உண்மையான காரணமும் தெரியும். தெரிந்தபடியால்தான், பக்கத்தில் வாருங்கோ என்று ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை.

பயணம் மகள் யூலியானாவின் ஏற்பாடு. பலெர்மோவிலேயே பிறந்து, பள்ளிக்கூடம் முடித்து, ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். அம்மா அப்பாவின் கலியாண நாளுக்கு என்று இரண்டு இரவுக்கு ஓர் அறையைப் பதிவு செய்துவிட்டு வந்து நின்றாள். எங்கே? ரோமிலா, வெனிசிலா? இல்லை. இதே பலெர்மோவில், பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாவில். அல்பெர்கேரியாவில் அவர்கள் இருக்கும் வீட்டில் இருந்து நடந்தே போய்விடலாம்.

சொந்த ஊரில் ஆரும் ஹோட்டலில் நிற்பார்களோ என்று பவுல் கேட்டார். யூலியானா விடவில்லை. உலகமெல்லாம் இருந்து சனம் ஆளுக்கொரு சின்னப் பையோடு விமானமேறி வந்து இந்த ஊரை நடந்து நடந்து பார்த்துவிட்டுப் போகிறது, இத்தனை வருடம் இஞ்சை இருந்தும் நீங்கள் இரண்டு பேரும் இந்த ஊரின் குசினிகளைத் தவிர வேறு எதைப் பார்த்தீர்கள் என்று தமிழும் இத்தாலியமும் கலந்து ஒரு பிடி பிடித்தாள். அவள் சொன்னது சரிதான். சறோஜாவுக்குக் காலையும் பின்னேரமும் லிபெர்த்தா வீடுகளில் வேலை. பவுலுக்கு ஓர் உணவகத்தின் அடுப்படி. அவள் வீட்டுக்கு வருகிற நேரம் அவர் வெளிக்கிடுகிற நேரம். இருவரும் ஊரைக் குறுக்கும் நெடுக்குமாக எவ்வளவோ நடந்திருக்கிறார்கள், ஆனால் எல்லாம் எங்கேயோ போய்ச் சேருவதற்கான நடை.

பை கட்டுகிற கதையைச் சொன்னால் யூலியானாவுக்கு இப்போதும் சிரிப்பு அடங்காது. அவர்களுக்குத் தெரிந்த பயணம் பிறந்த ஊருக்குப் போகிற பயணம் ஒன்றுதான். அதற்கு ஆளுயரப் பெட்டி வேண்டும். தராசில் போட்டு நிறுக்க வேண்டும். பெட்டியில் பாதி மற்றவர்கள் தந்துவிட்ட பார்சலாக இருக்கும். அந்தப் பழக்கத்தில் சறோஜா மிளகாய்த்தூளும் இடியப்ப மாவும் மீன் ரின்னும் எடுத்து வைத்தாள். கடைசியில் சின்ன ரைஸ்குக்கரையும் மெல்ல உள்ளே தள்ளினாள். யூலியானா ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் அடுக்கினாள். ஒரு மாற்றுடுப்பு, பல் தீட்டுகிற பிரஷ், பிரஷர் குளிசை, அவ்வளவுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நடக்கிறதுக்கு என்று அம்மாவுக்கு மெத்தென்ற ரப்பர் அடியோடு புதுச் சப்பாத்தும் வாங்கி வைத்திருந்தாள்.

பவுலின் பையில் ஒரு சட்டையும் சவர அலகும்தான் இருந்தன. கூடவே அவருடைய பிளாஸ்ரிக் உறையும் இருந்தது. வீடு விட்டால் அவர் அதை விடமாட்டார். பழைய பெர்மெஸோக்கள், வேலை ஒப்பந்தங்கள், சம்பளச் சீட்டுகள், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு போட்டோக்கொப்பி. பெர்மெஸோ என்ற அந்த வதிவிட அனுமதி இல்லாமல் இருந்த காலத்துப் பயம் அது. யூலியானா உறையை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

“பப்பா, நீங்கள் இப்ப இந்த நாட்டுப் பிரசை. அடையாள அட்டை ஒண்டு காணும்.”

அது உண்மைதான். மாசி மாதம் நகரசபை மண்டபத்தில் இருவரும் சத்தியப் பிரமாணம் எடுத்திருந்தார்கள். பவுலின் இத்தாலியம் அடுப்படியில் படித்த இத்தாலியம். சட்டி பானையின் பெயரெல்லாம் தண்ணிபட்ட பாடு, மற்றதற்கெல்லாம் கொஞ்சம் தடக்கும். அந்த மனுசன் கோப்பை கழுவிக் கழுவி அந்த வாசகத்தைப் பாடமாக்கி, அன்றைக்குக் கொடிக்கு முன்னால் நின்று ஒரு சொல் தடக்காமல் சொன்னார். சறோஜாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பிரேசில்காரியிடம், அது என்ரை மனுசன் என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

அறைக்குப் போகிற நாள் ஒக்டோபர் மாதத்து நல்ல வெயில். வீட்டடியில் இருக்கிற பலாரோ சந்தைக்குள்ளால் போனார்கள். வாள்மீன் வெட்டுகிறவன் கத்திக்கொண்டிருந்தான். கத்தரிக்காய்க்காரன் சறோஜாவின் முதுகுப்பையைப் பார்த்துவிட்டு, ஸிஞோரா எந்த நாட்டுக்கு என்று கேட்டான். லிபெர்த்தாவுக்கு என்று அவள் சொல்ல, அவன் அதைப் பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தான். இதையெல்லாம் பவுலிடம் சொல்லத் திரும்பினால் பவுல் எங்கே? சந்தையின் மற்ற முனையில் முதுகுப்பை ஒன்று போய்க்கொண்டிருந்தது.

அந்தக் காரணத்தை இப்போது சொல்லிவிடுவதுதான் நியாயம். இத்தாலிக்கு வந்த முதல் வருடங்களில் இருவரிடமும் பெர்மெஸோ இல்லை. கைக்குழந்தையைத் தெரிந்த வீடொன்றில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். ஒரே தெருவால் போனாலும் சேர்ந்து போவதில்லை. பொலிஸ் மறித்தால் ஒருவரோடு போகட்டும், மற்றவர் பிள்ளையிடம் போய்ச் சேரவேண்டும். முன்னால் போகிற ஆளைத்தான் முதலில் மறிப்பார்கள் என்று கணக்குப் போட்டு அந்த இடத்தைப் பவுல் தனக்கு எடுத்துக்கொண்டார். யார் மறிபட்டாலும் மற்றவர் நிற்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, பக்கத்து ஒழுங்கையில் இறங்கிவிட வேண்டும். இது அவர்கள் வீட்டுச் சட்டம். பிறகு பெர்மெஸோ வந்தது, பிள்ளை வளர்ந்தது, குடியுரிமையும் வந்தது. பவுலின் கால்களுக்கு மட்டும் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. தனக்காக முன்னால் போன ஒரு மனுசனிடம், போதும் பின்னுக்கு வாருங்கோ என்று எந்த வாயால் சொல்வது? அது அவராக வரவேண்டியது என்று சறோஜா இருந்துவிட்டாள். ஆனால் இந்த இரண்டு நாளில், வேலையும் இல்லை, அலுவலும் இல்லை, அவராக வருவார் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தாள்.

அறைக்காரி ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். அடையாள அட்டைகளைக் கேட்டு வாங்கி, குடியுரிமை இத்தாலி என்று இருந்ததைச் சத்தமாக வாசித்துவிட்டு, எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டாள். பலாரோவில் இருந்து என்றார் பவுல். அவள் ஒரு கணம் விழித்துவிட்டு, நானும் என் புருசனும் இப்படி ஒருநாளும் செய்யவில்லையே என்று ஏக்கத்தோடு சொன்னாள். சறோஜா வாழ்க்கையில் முதல் தடவையாக லிபெர்த்தாவில் வேறு ஆரோ விரித்து வைத்த கட்டிலில் கை காலை நீட்டிப் படுத்தாள். விரிப்பின் மூலை சரியாக மடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கக் கை துருதுருத்தது. பார்க்கவில்லை. விருந்தாளி என்றால் விருந்தாளிதான்.

பின்னேரம் நடக்க வெளிக்கிட்டார்கள். மரங்கள் நிழல் போட்ட அந்த அகலமான நடைபாதையில் நாலு பேர் கைகோர்த்து நடக்கலாம். சோடி சோடியாகச் சனம் போனது. தடியூன்றிய கிழவரும் கிழவியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். பவுல் தன் வழமைப்படி முன்னால். சறோஜா இரண்டு ஐஸ்கிறீம் வாங்கினாள். ஒன்றைக் கொடுக்க ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவரைப் பிடிப்பதற்குள் அவருடைய பிஸ்தா ஐஸ்கிறீம் உருகி அவளுடைய முழங்கைவரை வழிந்துவிட்டது. பவுல் பதறிப்போய்த் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டார், மன்னிப்பும் கேட்டார். மிச்சத்தை அவசரமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் திரும்பவும் முன்னால் போனார். ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சறோஜா கவனித்தாள். ஒருநாளும் திரும்பிப் பார்க்காத மனுசன் அன்றைக்கு அடிக்கடி கழுத்தைத் திருப்பினார். ஏதோ யோசனை போல என்று விட்டுவிட்டாள்.

அடுத்த நாளும் அதே கதை. காலையில் கடற்கரைப் பக்கம் போனார்கள், மத்தியானம் பழைய கோயில்களைப் பார்த்தார்கள். ஒரு கோயிலின் தங்க நிறச் சுவரைப் பார்த்து அவள் வாய் பிளந்து நின்று, இதைப் பாருங்கோ என்று சொன்ன நேரம் பக்கத்தில் நின்றது ஒரு ஜெர்மன்காரன். அவன் நல்ல மரியாதையாகத் தலையாட்டினான். சறோஜாவுக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இதுக்கு வீட்டிலேயே இருந்து கோழிக்கறி வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

பின்னேரம் மக்குவேதா தெருவால் வந்துகொண்டிருந்தார்கள். வாகனம் இல்லாத தெரு, சனம் நெரிபட்டது. நடுத்தெருவில் சறோஜா நின்றாள். களைத்து நிற்கவில்லை, முடிவெடுத்து நின்றாள். அவர் தானாகத் திரும்பி வந்தால் வரட்டும். வராவிட்டால் நேரே அல்பெர்கேரியாவுக்குப் போய் உலையை வைப்பது, இனி இந்த ஆசையை மனத்தாலும் நினைப்பதில்லை. முதுகுப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போகிற முதுகையே பார்த்தபடி நின்றாள். அது சிறுத்துச் சிறுத்துப் போய்ச் சனத்துக்குள் மறைந்தது.

“மேடம், பையை முன்பக்கமாகப் போடுங்கள். இங்கே கள்ளர் இருக்கிறார்கள்.”

ஆங்கிலத்தில் யாரோ சொன்னார்கள். திரும்பினால் பொலிஸ். யூலியானாவின் வயதுதான் இருக்கும், குதிரைவால் கட்டிய பெண். கொஞ்சம் தள்ளி இன்னொரு பொலிஸ்காரன் நின்றான். சறோஜாவின் கால் சில்லிட்டுப்போனது. கைப்பையில் அட்டை இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் சில்லிட்டது. அவள் பதில் சொல்லாமல் நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் இத்தாலியத்துக்கு மாறி, மெதுவாகக் கேட்டாள்.

“ஸிஞோரா, ஏ சோலா?”

தனியாகவா வந்தீர்கள் என்று அர்த்தம்.

அதே நேரம், அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலால், சறோஜா பவுலைக் கண்டாள். சனத்தைப் பிளந்துகொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார். சீருடையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கால் ஒழுங்கைப் பக்கம் திரும்பியும் விட்டது. சறோஜா அதைப் பார்த்தாள். பார்த்தபடியே அவள் வாய் சொன்னது:

“சோலா.”

அந்தச் சொல்தான் அவள் இந்த நாட்டில் முதன்முதலில் படித்த சொல். வணக்கம் சொல்லப் படிக்க முதல், தண்ணி கேட்கப் படிக்க முதல், பவுல் அவளை இருத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தது. பொலிஸ் எதைக் கேட்டாலும் சோலா என்று சொல், தனி ஆள், புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு, ஒரு பொலிஸ்காரப் பெட்டை அக்கறையாக விசாரித்த இடத்தில், அது தானாக விழுந்துவிட்டது. பக்கத்தில் வராத மனுசனுக்காக நடுத்தெருவில் கோபித்துக்கொண்டு நின்றவள், அந்த மனுசனே வந்துகொண்டிருக்கிற நேரம், எனக்கு அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டாள். சறோஜாவுக்குத் தன் வாயிலேயே ஒன்று போடவேண்டும் போல இருந்தது.

பவுலுக்கு அது கேட்டுவிட்டது. முகத்தில் தெரிந்தது. திரும்பிய கால் திரும்பி வந்தது. அவர் நடந்து வந்தார். ஓடவில்லை, தலை குனியவில்லை. கொடிக்கு முன்னால் நின்ற அதே நிமிர்வோடு வந்து சறோஜாவின் தோளோடு தோள் முட்ட நின்று, தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“சோலா இல்லை. என்னோடு வந்தவர். நான் இவருடைய கணவன்.”

பொலிஸ்காரப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டுப் பயணிகள் என்று நினைத்துவிட்டேன் என்றாள். பயணிகள்தான், ஆனால் பலெர்மோக்காரர் என்றார் பவுல். அப்படியென்றால் கள்ளரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அட்டை கிட்டை ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். சனம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

“ஏன் சறோ அப்பிடிச் சொன்னனீர்?”

“வாயிலை வந்திட்டுது.”

“இப்பவுமோ?”

“நீங்கள் இப்பவும் முன்னாலைதானே போறியள்.”

பவுல் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னுடையதை அல்ல, அவளுடைய புதுச் சப்பாத்தை.

“நான் ஒருநாளும் உம்மை விட்டிட்டுப் போகேல்லை. உம்மடை காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டுத்தான் போறனான். எந்தச் சந்தைக்குள்ளையும் எனக்கு அது தனியாக் கேக்கும். நேத்தையிலை இருந்து கேக்கேல்லை. இந்த ரப்பர் ஒரு சத்தமும் போடுதில்லை. ரெண்டு நாளா எனக்கு ஒரே அந்தரம். நீர் வாறீரோ இல்லையோ எண்டு தெரியாமல் எப்பிடி முன்னாலை போறது?”

இந்த மனுசனின் முதுகைத்தான் தான் மனப்பாடம் பண்ணியதாக அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அவர் அவளுடைய கால் இரண்டையும் பாடமாக்கி வைத்திருக்கிறார் என்று தெரியாமல் போய்விட்டது. பெருமையாக இருந்தது. தெருவில் போகிற ஒவ்வொரு சோடியையும் மறித்து இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

“காலடி கேக்காட்டி,” என்றாள், “பக்கத்திலை வந்து பாருங்கோவன்.”

பவுல் அவளுடைய வலப்பக்கம் வந்தார். நடக்கத் தொடங்கினார்கள். முதலில் சரிவரவில்லை. அவருடைய கால் தன்பாட்டில் எட்டிப் போகப் பார்த்தது. பிடித்து இழுத்தால் ஒரேயடியாகப் பின்தங்கிவிட்டார். முதுகுப்பைகள் முட்டிக்கொண்டன. முழங்கையால் அவளுக்கு ஓர் இடியும் விழுந்தது. கடைசியில் சறோஜா அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு நடை ஒருமாதிரிப் பிடிபட்டது. தெருவின் நடுவால் போனார்கள். ஓரமாக ஒதுங்கவில்லை. எதிரே வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள்.

நாலு சந்தியைத் தாண்டும்போது எதிரே சூசைதாசன் வந்தார். கோயிலில் ஒன்றாகப் பாடுகிறவர், வாய் கொஞ்சம் நீளம். பவுலையும் சறோஜாவையும் ஒன்றாகக் கண்டதும் அவருடைய முகம் கறுத்துப்போய்விட்டது. எங்கள் ஆட்கள் புருசன் பெண்சாதியாகத் தெருவில் ஒன்றாகப் போனால் ஒன்று ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் ஏதும் அரசாங்கக் கந்தோர். சந்தோசத்துக்கு ஒருவரும் இப்படி நடந்து அவர் கண்டதில்லை.

ஆருக்கும் சுகமில்லையோ என்று பதறிக் கேட்டார். எல்லாரும் சுகம் என்றார் பவுல். அப்ப ஏதும் பேப்பர் அலுவலோ, நானும் கூட வரட்டோ என்று கேட்டார் சூசைதாசன். ஒரு அலுவலும் இல்லை என்றார் பவுல். சூசைதாசன் கோர்த்திருந்த கைகளைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், விடுவதாக இல்லை.

“அப்ப எங்கைதான் போறியள்?”

சறோஜா கையை எடுக்கப் பார்த்தாள். பவுல் விடவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“ஒரிடமும் இல்லை, சூசை. என்ரை மனுசியோடை சும்மா நடக்கிறன்.”